திறப்பு விழாக் கதைகளும் மூடுவிழாக் கணக்கும்

சிறிய அளவில் கிளவுட் ஹோஸ்டிங் நிறுவனம் தொடங்கியவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். பத்துப் பதினைந்து படித்தாலே அச்சு பிடிபட்டுவிடும். ஒருவர் எங்கோ சர்வர் நிர்வாகியாக வேலை பார்த்தவர். இருக்கிற ஹோஸ்டிங் சேவைகள் மேல் அவருக்கு எரிச்சல். ஒரு டேட்டா சென்டரில் ரெண்டு மூணு சர்வரை மாத வாடகைக்கு எடுக்கிறார். ஒவ்வொன்றையும் மெய்நிகர் எந்திரங்களாகக் கூறுபோடுகிறார். பில் போட ஒரு மென்பொருள், வாடிக்கையாளர் உள்ளே வந்து பார்க்க ஒரு கன்ட்ரோல் பேனல், அழகான முகப்புப் பக்கம், மூன்று கட்டத்தில் விலைப்பட்டியல். அப்புறம் திறப்பு விழா. முதல் வாரம் இத்தனை பேர் சேர்ந்தார்கள், ஒரு ராத்திரி சர்வர் திணறியது, சமாளித்தோம், நன்றி, வணக்கம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கும். தொழில்நுட்பத் தகவல்களும் நிறையக் கிடைக்கும். ஆனால் இந்த வகை எழுத்தின் மேல் எனக்கு ஒரு அடிப்படைப் புகார் உண்டு. ஹோஸ்டிங்கை இவர்கள் டீக்கடை திறப்பது மாதிரி எழுதுகிறார்கள். டீக்கடை மூடினால் நாம் எதிர்க்கடைக்குப் போய்விடுவோம், ஒன்றும் குடி முழுகிவிடாது. ஹோஸ்டிங் அப்படியில்லை. அது ஏலச்சீட்டு நடத்துவதற்கு நெருக்கமான தொழில். பணத்தை முன்கூட்டியே வாங்குகிறீர்கள். அடுத்தவர் பொருளை உங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். சீட்டு நடத்துகிறவர் கடையை மூடினால் ஊரே தெருவில் நிற்கும். அதனால்தான் சீட்டில் சேரும் முன் "ஆள் எப்படி, நாளைக்கு ஓடிட மாட்டாரே" என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆபீஸ் வாசலில் கட்டிய தோரணத்தைப் பார்த்து யாரும் சேர்வதில்லை.

ஒரு சிறிய ஹோஸ்டிங் சேவையை அது எப்படித் திறந்தது என்பதை வைத்து எடை போடுவதில் பயனில்லை, மூடவேண்டி வந்தால் எப்படி மூடும் என்பதை வைத்துத்தான் எடை போடவேண்டும் என்பதே என் வாதம். இதற்கு ஒரு பெரிய உதாரணத்தையும் சில சிறிய உதாரணங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

199 டாலருக்கு ஆயுள் சந்தா

டெக்ஸ்ட்டிரைவ் 2004ல் தொடங்கியது. தொடங்கியவர் டீன் ஆலன் என்ற கனடாக்காரர். வலைப்பதிவுகளின் ஆரம்ப நாட்களில் அவருடைய டெக்ஸ்டிசம் பதிவுக்கு நல்ல வாசகர் கூட்டம் இருந்தது. டெக்ஸ்டைல் என்ற எளிய குறியீட்டு முறையையும், டெக்ஸ்ட்பேட்டர்ன் என்ற பதிவு மென்பொருளையும் உருவாக்கியவர் அவர்தான். கூட்டாளி ஜேசன் ஹாஃப்மன். சர்வர் வாங்கக் காசு வேண்டும். இவர்கள் பெரிய முதலீட்டாளர்களைத் தேடிப் போகாமல் வாசகர்களிடமே கேட்டார்கள். முதல் 200 பேர், ஆளுக்கு 199 டாலர், ஒரே ஒரு தடவை. பதிலுக்கு ஆயுள் முழுக்க ஹோஸ்டிங். இந்த 200 பேருக்கு "விசி200" என்று பெயர் வைத்தார்கள். விசி என்றால் வென்ச்சர் கேபிடல். பெரும் பணக்கார முதலீட்டாளர்களைக் கேலி செய்து வைத்த பெயர். எங்களுக்கு வாசகர்களே முதலீட்டாளர்கள் என்று அர்த்தம்.

200ஐ 199ஆல் பெருக்கினால் 39,800 டாலர். அந்தப் பணத்தில் கடை திறந்தது. பின்னாலும் சில தடவை வேறு வேறு விலையில் ஆயுள் சந்தா விற்றார்கள். ரூபி ஆன் ரெயில்ஸ் பிரபலமாகத் தொடங்கிய நேரம் அது. ரெயில்ஸில் எழுதுகிறவர்கள் தேடிப்போகும் இடமாக டெக்ஸ்ட்டிரைவ் ஆனது. திறப்பு விழாக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. கடன் இல்லை, முதலாளி இல்லை, வாடிக்கையாளர்களே தூக்கி நிறுத்திய நிறுவனம்.

2005 இறுதியில் டெக்ஸ்ட்டிரைவ், ஜாயென்ட் என்ற நிறுவனத்தோடு இணைந்தது. ஜாயென்ட் மெல்ல மெல்லப் பெரிய நிறுவனங்களுக்கான கிளவுட் பக்கம் நகர்ந்தது. நோட்.ஜேஎஸ்ஸின் ஆரம்ப ஆண்டுகளில் அதற்குப் புரவலராக இருந்ததும் இதே ஜாயென்ட்தான். 2012 ஜனவரியில் 85 மில்லியன் டாலர் முதலீடு திரட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய ஆயுள் சந்தாதாரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கணக்குகள் ஓடும் பழைய சர்வர்களை நிறுத்தப்போகிறோம், அக்டோபர் 31ஓடு சேவை முடிகிறது, வேண்டுமானால் எங்கள் புதிய கிளவுடில் ஒரு வருடம் இலவசமாக இருந்துகொள்ளுங்கள் என்று.

பெரிய கூச்சல் எழுந்தது. விற்ற காலத்தில் "எத்தனை நாளைக்கு?" என்ற கேள்விக்கு, நாங்கள் இருக்கும் வரைக்கும் என்று பதில் போட்டிருந்தார்கள். ஜாயென்ட் இருந்தது. கை நிறையப் பணத்தோடு இருந்தது. அப்போது டீன் ஆலன் திரும்பி வந்து, டெக்ஸ்ட்டிரைவைத் தனி நிறுவனமாகப் பிரித்து நானே நடத்துகிறேன் என்றார். நடத்தினார். 2014 மார்ச்சில் அதுவும் மூடப்பட்டது. 2016ல் ஜாயென்ட்டை சாம்சங் வாங்கியது. 2018ல் ஆலன் காலமானார். 2019 நவம்பரில் ஜாயென்ட் தன் பொதுக் கிளவுடையே மூடிவிட்டது.

இரண்டு வழக்கமான தீர்ப்புகள்

இந்தக் கதைக்கு இரண்டு விதமாகத் தீர்ப்பு சொல்வார்கள். முதலாவது, ஜாயென்ட் ஏமாற்றிவிட்டது, 85 மில்லியன் வந்ததும் பழைய ஆட்களைக் கழற்றி விட்டது என்பது. இரண்டாவது, 199 டாலருக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்கும் என்று நம்பியவனைச் சொல்லணும், அதுவும் எட்டு வருஷம் அனுபவித்தாச்சே, என்ன நஷ்டம் என்பது.

இரண்டாவது தீர்ப்பில் கணக்கு சரி. 2004லிருந்து 2012 வரை 96 மாதம். 199ஐ அதால் வகுத்தால் மாதம் ரெண்டு டாலர் சொச்சம். அன்றைய சந்தையில் இது கொள்ளை லாபம். பணத்தை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறவில்லை.

ஆனால் இரண்டு தீர்ப்புமே முக்கியமான இடத்தைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். சிக்கல் 2012ல் வந்த மின்னஞ்சலில் இல்லை. 2004ல் வைத்த பெயரிலேயே இருக்கிறது.

விசி200ல் சேர்ந்தவர்கள் யார்? நிஜ முதலீட்டாளர்கள் என்றால் கையில் பங்கு இருந்திருக்கும். நிறுவனம் இணையும்போது அவர்களைக் கேட்டிருப்பார்கள். 85 மில்லியன் உள்ளே வந்தபோது அவர்களுடைய பங்குக்கும் ஒரு மதிப்பு இருந்திருக்கும். வெறும் வாடகைதாரர்கள் என்றால் மாதாமாதம் வாடகை கட்டியிருப்பார்கள். பிடிக்காத மாதம் காலி செய்திருப்பார்கள். வீட்டுக்காரருக்கும் அவர்களைத் தக்கவைக்க மாதாமாதம் ஒரு காரணம் இருந்திருக்கும். இவர்கள் இரண்டும் இல்லை. முதலீட்டாளரின் ஆபத்து மட்டும் இவர்களுக்கு, உரிமை கிடையாது. வாடகைதாரரின் இடம் மட்டும் இவர்களுக்கு, மாதாமாதம் பேரம் பேசும் பலம் கிடையாது. விசி என்ற கேலிப் பெயர் கடைசியில் யாரைக் கேலி செய்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நிறுவனத்தின் பக்கம். சர்வருக்கு ஆயுள் நாலைந்து வருஷம். ஒரு தடவை வாங்கிய 199 டாலர் முதல் தலைமுறை சர்வரோடு கரைந்துவிடும். இரண்டாம் தலைமுறை சர்வருக்கு யார் காசு தருவது? புதிதாகச் சேர்கிற மாதச் சந்தாக்காரர்கள். ஆக, ஆயுள் சந்தா என்பது பழையவர்களின் செலவைப் புதியவர்கள் தலையில் வைக்கும் ஏற்பாடு. இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. புதிய ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் தாங்கும். ஆனால் நிறுவனம் கைமாறினால், திசை மாறினால், பழையவர்கள் உடனே சுமையாகிவிடுவார்கள். புதிய நிர்வாகியின் கணக்கேட்டில் அவர்கள் வரவு பூஜ்யம், செலவு மட்டும் உண்டு. வாக்குக் கொடுத்தவர் ஒருவர், நிறைவேற்றவேண்டியவர் இன்னொருவர் என்றானபின் அந்த வாக்கு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

ஆலன் திரும்பி வந்ததை எல்லோரும் உருக்கமாகப் பேசுவார்கள். எனக்கும் அந்தச் செயல் மேல் மரியாதை உண்டு. ஆனால் விமர்சனமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லியாகவேண்டும். அவர் எடுத்துக்கொண்டது நிறுவனத்தின் வளராத பாதி. காசு கட்டாதவர்கள் நிறைந்த, பழைய சர்வர்களில் ஓடுகிற பாதி. வளரும் பாதி ஜாயென்ட்டிடமே நின்றுவிட்டது. நல்ல மனசு மின்கட்டணம் கட்டாது. முதல் தடவை மூடியபோது இழப்பீடாக ஒரு வருட இலவச இடமாவது இருந்தது. அந்த மீட்பால் கிடைத்தது சுமார் ஒன்றரை வருடம், அதன் முடிவில் மறுபடியும் வீடு மாற்றும் வேலை.

2004ல் ஒரே ஒரு பத்தி கூடுதலாக எழுதியிருந்தால் போதும். நாங்கள் மூடினாலோ கைமாறினாலோ எத்தனை நாள் முன்னறிவிப்பு தருவோம், உங்கள் கோப்புகளை எந்த வடிவில் கையில் தருவோம், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று ஒரு பத்தி. திறப்பு விழா உற்சாகத்தில் யாருமே அந்தப் பத்தியை எழுதுவதில்லை.

விலைப்பட்டியலே ஒரு வாக்குமூலம்

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பிஆர்ஜிஎம்ஆர்.காம் என்ற கலிஃபோர்னியாச் சிறு நிறுவனத்தைச் சொல்வேன். நடத்தியவர் லூக் கிராஃபோர்ட். ஸென் என்ற மெய்நிகராக்க மென்பொருளைப் பற்றி 2009ல் வந்த "தி புக் ஆஃப் ஸென்" நூலின் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர். வாடிக்கையாளரை முட்டாள் என்று நாங்கள் நினைப்பதில்லை என்பதுதான் இந்த நிறுவனத்தின் விளம்பர வாசகமாக இருந்தது. அதன் பழைய விலைப்பட்டியல் ரொம்ப எளிமையானது. ஒரு கணக்குக்கு மாதம் 4 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு 64 எம்பி ரேமுக்கும் 1 டாலர். 256 எம்பி என்றால் 8 டாலர், 512 எம்பி என்றால் 12, 1 ஜிபி என்றால் 20.

அந்த 4 டாலரைக் கவனியுங்கள். அது எந்திரத்துக்கான விலையே இல்லை. நீங்கள் சின்ன எந்திரம் வாங்கினாலும் பெரிய எந்திரம் வாங்கினாலும், ஒரு வாடிக்கையாளர் என்ற முறையில் உங்களுக்குப் பதில் சொல்ல ஆகும் செலவு ஒன்றுதான் என்ற ஒப்புதல் அது. நானும் சில வருடம் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரின் தளங்களை ஒரே விபிஎஸ்ஸில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு "அண்ணே, சைட் வரலண்ணே" என்று ஃபோன் வரும். பார்த்தால் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். சர்வருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் அரை மணி நேரம் போயிருக்கும். சிறிய ஹோஸ்டிங்கில் உண்மையான செலவு ரேம் இல்லை, ஹார்ட் டிஸ்க் இல்லை, இந்த அரை மணி நேரம்தான். அதை விலைப்பட்டியலில் தனி வரியாகப் போட்டவர் தொழிலைப் புரிந்துகொண்டவர்.

"அன்லிமிடெட்" என்று போடுகிறவர்களை இதோடு ஒப்பிடுங்கள். வரம்பில்லாத இடம், வரம்பில்லாத டேட்டா, மாதம் ரெண்டு டாலர். உலகத்தில் வரம்பில்லாத ஹார்ட் டிஸ்க்கை எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை. பெரும்பாலானவர்கள் கொஞ்சமாகத்தான் பயன்படுத்துவார்கள் என்ற ஊகத்தில், இருப்பதைவிட அதிகமாக விற்கிறார்கள். பஸ்ஸில் ஐம்பது சீட்டுக்கு எண்பது டிக்கெட் கிழிப்பது மாதிரி. எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறாதவரைக்கும் ஓடும். நிஜமாகவே நிறையப் பயன்படுத்துகிறவர் வந்தால், நிபந்தனைகளின் அடியில் இருக்கும் "நியாயமான பயன்பாடு" என்ற வரியைக் காட்டி வெளியே அனுப்புவார்கள்.

ஸ்லைஸ்ஹோஸ்ட் நடுவில் வருகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மேட் டானரும் ஜேசன் சீட்ஸும் 2006ல் தொடங்கியது. 256 எம்பிக்கு மாதம் 20 டாலர். ரேமை அளவுக்கு மீறி விற்கமாட்டோம் என்பதில் உறுதியாக இருந்தார்கள். புதிய சர்வர் வந்தால்தான் புதிய ஆளுக்கு இடம் என்று காத்திருப்போர் பட்டியல் வைத்தார்கள். வியாபாரத்தில் வருகிற ஆளைக் காத்திருக்கச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். 2008ல் ராக்ஸ்பேஸ் அவர்களை வாங்கியது. 2011ல் ஸ்லைஸ்ஹோஸ்டை நிறுத்தி, வாடிக்கையாளர்களை ராக்ஸ்பேஸின் சொந்தக் கிளவுடுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். பெயர் போனது, கன்ட்ரோல் பேனல் போனது. ஆனால் எல்லோரும் மாதச் சந்தாக்காரர்கள். பிடித்தவர்கள் உள்ளே போனார்கள், பிடிக்காதவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். டெக்ஸ்ட்டிரைவ் மாதிரி துரோகப் பேச்சு எழ இங்கே இடம் குறைவு. விலையிலேயே வெளியேறும் வழியும் இருந்ததுதான் காரணம்.

கையில் இல்லாத செலவுகள்

திறப்பு விழாக் கட்டுரைகளில் லாபக் கணக்கு போடும்போது எல்லாச் செலவும் அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிபேனல் கதை ஒன்று போதும் இது எவ்வளவு பலவீனம் என்று காட்ட. பகிர்வு ஹோஸ்டிங் நடத்தும் சிறு கடைகளில் பெரும்பாலானவை சிபேனலை நம்பி ஓடியவை. ஒரு சர்வருக்கு ஒரு லைசென்ஸ், அதில் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. 2019 ஜூனில், இனிமேல் கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் கட்டணம் என்று அறிவித்தார்கள். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன தளங்களை அடைத்து, தளத்துக்கு மாதம் ஒரு டாலர், ரெண்டு டாலர் என்று பிழைத்தவர்களுக்கு அடித்தளமே ஆடியது. அவர்கள் பக்கம் எந்தத் தப்பும் இல்லை. வேறொருவர் விலைப்பட்டியலில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான்.

ஐபி முகவரியும் அப்படியே. வட அமெரிக்காவுக்கான பதிவகத்தின் கையிருப்பில் இருந்த பழைய வகை ஐபிவி4 முகவரிகள் 2015 செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டன. அமேசானே 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு பொது ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 3.60 டாலர். அஞ்சு டாலருக்கு முழு எந்திரமே தருகிறேன் என்று கடை போடுகிறவர் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். போதாக்குறைக்கு ஒரு வாடிக்கையாளர் ஸ்பாம் அனுப்பினால் அந்த முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். அதே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் அப்பாவிகளின் மின்னஞ்சலும் சேர்ந்து நிற்கும்.

விரும்பாமல் வரும் மூடுவிழா

இதுவரை சொன்னவை எல்லாம் நிறுவனம் தானே முடிவெடுத்து மூடியவை. கேட்காமல் வரும் முடிவுகள் வேறு ரகம்.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற சேவை. மென்பொருள் எழுதுகிறவர்களின் மூலநிரல்களை வைத்துக் காக்கும் வேலை. எல்லாமே அமேசான் கிளவுடில். யாரோ அதன் நிர்வாகக் கணக்குக்குள் நுழைந்து பணம் கேட்டார்கள். நிறுவனம் கட்டுப்பாட்டைத் திரும்பப் பிடிக்க முயன்றபோது ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்கள். தரவும் போனது, பேக்கப்பில் பெரும்பகுதியும் போனது. சில மணி நேரத்தில் நிறுவனமே முடிந்தது. பேக்கப் இருந்தது, ஆனால் அசலுக்கும் நகலுக்கும் ஒரே சாவி.

2021 மார்ச் 10. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. உயிர்ச்சேதம் இல்லை. ஓவிஹெச்சும் 1999ல் ஆக்டேவ் கிளாபா சிறிய அளவில் தொடங்கியதுதான், பிறகு ஐரோப்பாவின் பெரிய கிளவுட் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. காசு கொடுத்து பேக்கப் வசதி வாங்கிய ஒரு வாடிக்கையாளரின் நகல், அசல் இருந்த அதே கட்டடத்திலேயே இருந்து சேர்ந்து எரிந்தது. ஒப்பந்தத்தில் நகல் தனியாகப் பிரித்து வைக்கப்படும் என்று எழுதியிருந்தது. வழக்கு லீல் நகர வணிக நீதிமன்றத்துக்குப் போனது. 2023ல் அந்த வாடிக்கையாளருக்கு இழப்பீடு தரச்சொல்லித் தீர்ப்பு வந்தது. "தனியாக" என்ற சொல்லுக்கு நீதிமன்றம் போட்ட விலை என்று இதை நான் படிக்கிறேன்.

மூன்றாவதுதான் நம் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்துவது. டென்மார்க்கின் கிளவுட்நார்டிக். 2023 ஆகஸ்ட் 18. சர்வர்களை ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவற்றில் சில ஏற்கெனவே தொற்றுக்கு ஆளானவை, அது யாருக்கும் தெரியாது. மாற்றும்போது அவை எல்லா சர்வர்களையும் நிர்வகிக்கும் உள் வலையமைப்போடு இணைக்கப்பட்டன. அந்த வழியாக நிர்வாக அமைப்புக்கும், பேக்கப் அமைப்புக்கும், இரண்டாம் நிலைப் பேக்கப்புக்கும் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் பூட்டினார்கள். பணயத்தொகை தர முடியாது, தரவும் மாட்டோம் என்றது நிறுவனம். பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு திரும்பவே இல்லை. உங்கள் பெயரில் காலி சர்வர் தருகிறோம், தளத்தை நீங்களே மறுபடி கட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் சொல்ல முடிந்தது.

மூன்றிலும் பாடம் ஒன்றே. பேக்கப்பை எத்தனை எடுத்தோம் என்பதல்ல கேள்வி. அசலை அழிக்கும் அதே கை, அதே தீ, நகலையும் தொட முடியுமா என்பதுதான் கேள்வி. திறப்பு விழாக் கட்டுரைகளில் "தினசரி பேக்கப் உண்டு" என்று ஒரு வரி தவறாமல் வரும். அந்த பேக்கப்பின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற வரியை எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லை.

அப்படியானால் பெரியவர்களிடமே போகலாமே?

இதைப் படிக்கும் சிலருக்கு இப்படித் தோன்றலாம். சிறிய கடைகளே வேண்டாம், அமேசான், கூகுள் என்று போய்விட்டால் நிம்மதி என்று. நான் அந்தக் கட்சி இல்லை.

பெரியவர்களும் மூடுகிறார்கள். ஜியோசிட்டீஸை 1999ல் யாஹூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதிய பழைய தமிழ்ப் பக்கங்களும் அங்கே இருந்தன. தன்னார்வலர்கள் அவசரமாக நகலெடுத்துக் காப்பாற்றியது போக மிச்சம் போனதுதான். ஹெரோகு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பர் 28ல் நிறுத்தியது. அதை வைத்துப் படித்த மாணவர்களும், சின்னச் சின்னச் செயலிகளை ஓட்டியவர்களும் அடுத்த இடம் தேடினார்கள். மூடுகிற விஷயத்தில் பெரியவர், சிறியவர் என்ற பேதம் கிடையாது. பெரியவருக்கு நீங்கள் ஒரு வரிசை எண், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிறியவரிடம் இருக்கும் நன்மை நிஜமானது. டிக்கெட் போட்டால் சர்வரைக் கையால் தொடுகிறவரே பதில் எழுதுவார். உங்கள் தளம் என்ன, உங்களுக்கு எந்த நேரத்தில் கூட்டம் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பெரிய கிளவுடில் ஒரு கணக்கைத் தானியங்கி முறையில் முடக்கிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது என்றே தெரியாது. பில்லும் அங்கே மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். இந்தக் காரணங்களுக்காகவே சிறு கடைகள் இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புவதால்தான் இத்தனை கறாராகக் கேட்கிறேன்.

நான் கேட்கும் கேள்விகள்

இனி ஒரு சிறிய ஹோஸ்டிங் சேவையைப் பற்றி எழுதினாலோ, யாராவது சேரலாமா என்று கேட்டாலோ, இவற்றை வைத்துத்தான் சொல்வேன்.

விலையில் ஆளின் நேரத்துக்குக் காசு இருக்கிறதா? இல்லையென்றால் அந்த நேரம் கிடைக்காது, அல்லது கொஞ்ச நாள் கிடைத்து நின்றுவிடும். மாதாமாதம் கட்டலாமா, மூன்று வருடத்துக்கு முன்பணம் கட்டினால்தான் அந்த விலையா? முன்பணம் என்றால் நீங்கள் அவருக்குக் கடன் கொடுக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். என் தளத்தை முழுசாக, தரவுத்தளத்தோடு, யாரையும் கேட்காமல் நானே இறக்கிக்கொள்ள வழி உண்டா? டொமைன் என் பெயரில் பதிவாகியிருக்கிறதா, ஹோஸ்டிங்காரர் பெயரிலா? டொமைன் உங்களிடம் இருந்தால் சர்வர் எரிந்தாலும் முகவரி மிஞ்சும். நகல் கையில் இருந்தால் வேறு இடத்தில் வைத்து அதே முகவரியில் திறந்துவிடலாம். டொமைனும் அவரிடமே என்றால் எல்லாமே அவரோடு போகும்.

கடைசியாக, நடத்துகிறவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? ஒற்றை ஆள் கடைகளில் இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள். நல்ல ஆட்கள் பதில் வைத்திருப்பார்கள்.

நம் நாட்டில் தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. 2022 ஏப்ரல் 28ல் செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி டேட்டா சென்டர், விபிஎஸ், கிளவுட் சேவை தருகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் போன்றவற்றைச் சரிபார்த்து, அவர் விலகிய பிறகும் ஐந்து வருடம் வைத்திருக்கவேண்டும். பதிவுக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும். ஊடுருவல் போன்ற சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். ஒற்றை ஆள் கடைக்கு இந்த 6 மணி நேரம் என்பது தூங்கி எழும் நேரம். அதோடு, கடையை மூடினாலும் அந்தப் பழைய விவரங்களை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சும். மூடுவதற்கும் ஒரு செலவு உண்டு, அதைத் திறக்கும்போதே எடுத்து வைக்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெக்ஸ்ட்டிரைவ் பற்றிப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது ஒன்றுதான். அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. வாசகர்கள் மேல் இருந்த பிரியத்தில்தான் ஆயுள் முழுக்க என்று சொன்னார்கள். அந்தப் பிரியத்தோடு, மூடினால் என்ன செய்வோம் என்றும் எழுதி வைத்திருந்தால் 2012ல் அத்தனை பேர் அத்தனை கசப்போடு பிரிந்திருக்கமாட்டார்கள். புதிதாகக் கடை திறந்து கட்டுரை எழுதுகிற நண்பர்கள் அடுத்த முறை விலைப்பட்டியலுக்குக் கீழே அந்தப் பத்தியையும் போடட்டும். அதைப் படித்துவிட்டு முதல் ஆளாகச் சேர நான் தயார்.